மணல் எங்கே போனது?

கேள்வி: வெகுநாள் கழித்து, பழகிய கடலோரப் பாதையில் மறுபடி நடந்தேன். மணல் கிடந்த இடமெல்லாம் பாறை. மணல் எங்கே போனது?

பதில்: பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும், தண்ணீருக்கு அடியில்! புயல் அலைகள் மணலை வாரிக்கொண்டுபோய், கரைக்குச் சற்றுத் தள்ளித் திட்டாகச் சேர்க்கும். கடல் அடங்கிய மாதங்களில் சிற்றலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரும். இதைப் பார்க்கவே எனக்குப் பழைய பாதைக்குத் திரும்பத் திரும்பப் போகப் பிடிக்கும். அந்தப் பாறையைத் தொட்டுப் பாருங்கள். மணல் உரசிய அடிப்பகுதி பெரும்பாலும் வழவழவென்று இருக்கும்.

அப்புறம், பழைய நேரக் கணக்கை நம்பி இறங்காதீர்கள். பல கரைகளில் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரம், நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். மணல் மட்டம் இறங்கிய கரையில் தண்ணீர் சீக்கிரமே பாதையை எட்டிவிடும்.