தேக்காவில் ஒரு மணி நேரம் போதுமா?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா சுற்றுலாவுக்காக ஜோடித்த இடம்தானே, ஒரு மணி நேரம் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் பயணத்துக்கு அட்டவணை போடுகிறீர்கள் போலிருக்கிறது. வண்ணம் அடித்த வீட்டின் முன்னால் நின்று படம் எடுக்க ஒரு மணி நேரம் தாராளம். ஆனால் 'ஜோடித்த' என்ற சொல் உறுத்தியது. அங்கே ஆறு வருடம் கட்டுமான வேலை பார்த்தவன் நான்.

லிட்டில் இந்தியா என்ற பெயர் 1980களில் சுற்றுலாவுக்காகப் பரப்பியதுதான், மறுக்கவில்லை. எங்களுக்கு அது தேக்கா. ஆங்கிலேயர் இந்தியருக்கென ஒதுக்கிய பகுதி என்பாரும் உண்டு, அதுவும் சரியில்லை. 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், தமிழ்நாட்டிலிருந்து போன சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களுக்குக் குறித்த இடம் சிங்கப்பூர் ஆற்றோரம். தேக்காவின் முக்கியத் தெருவான சிராங்கூன் ரோட்டுக்கு நம் ஆட்களை இழுத்தது மாடும் செங்கல் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும்தான். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு இரண்டுக்குமே எருமை என்றுதான் பொருள். ஒன்று ஆங்கிலம், மற்றது மலாய்.

2008-இல் நான் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, கூட வந்த ராமநாதபுரத்து அண்ணன் வீரமாகாளியம்மன் கோயிலைக் காட்டி, "இது சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்" என்றார். நான் தேனிக்காரன். கம்பம் என்றதும் எங்கள் ஊர் ஆட்கள் கட்டியது என்றே நினைத்துவிட்டேன். மலாயில் கம்போங் என்றால் குடியிருப்பு, அதுதான் கம்பம் ஆனது என்று அவர் சொன்ன பிறகும், கும்பிடும்போது ஊர்ப் பாசம் போகவில்லை.

பணம் அனுப்ப வரிசையில் நிற்பது, பிறகு புல்தரையில் செய்தித்தாள் விரித்துச் சோற்றுப் பொட்டலம் பிரிப்பது, இதுதான் எங்கள் ஞாயிறு. தொலைபேசி அட்டையைப் பத்துக் காசால் சுரண்டினால் அந்த வெள்ளித்தூள் நகத்தில் ஒட்டிக்கொள்ளும். சாம்பாரில் கை வைத்தாலும் முழுதாகப் போகாது. அம்மாவிடம் பேசிவிட்டு அதே கையால்தான் சாப்பாடு.

2013 டிசம்பரில் தேக்காவில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்த கலவரத்தைச் சொல்லி யாராவது வருவீர்கள். வண்டியைக் கொளுத்தியதை நான் நியாயப்படுத்தவில்லை. அன்று எனக்கு ஓவர்டைம், அங்கே இல்லவே இல்லை. ஆனால் அதற்கு வெகு முன்பே, ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மழைக்கு ஒதுங்கிய எங்களைக் கை தட்டி விரட்டியிருக்கிறார்கள். விரட்டியவர் தமிழில்தான் விரட்டினார்.

அவரைக்கூட மன்னித்துவிடலாம். நாளுக்கு 22 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று சொல்லி, இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு, 16 வெள்ளி வேலையில் தள்ளிய எங்கள் ஊர் ஏஜெண்டை முடியாது. அந்தக் கடனை அடைக்கவே இரண்டு வருடம் ஆனது. நீங்கள் இதைக் கேட்கவில்லை, தெரியும்.

ஒரு மணி நேரம்தான் என்றால், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் போங்கள். கூட்டமாக இருக்கும் என்று வேறு நாள் தேட வேண்டாம்.