பட்டத்துக்கு நூல் எங்கே?

கேள்வி: என் மகன் கணினியில் ஆடும் விமான விளையாட்டில், சுற்றிப் பறக்கும் விமானங்கள் முப்பரிமாணத்தில் தத்ரூபமாகத் தெரிகின்றன. நிஜ விமானிக்கு மட்டும் ஏன் தட்டையான திரையில் சின்னச் சின்னக் கட்டங்களும் எண்களும்? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: இதே கேள்வியோடுதான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். பெங்களூரில் விமானி அறைத் திரைகளை வடிவமைப்பது என் தொழிலாக இருந்தது. முதல் வருஷமே ஒரு முப்பரிமாணத் திரை செய்துவிட்டேன். நம் விமானத்துக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் நின்று பார்க்கிற கோணம். சுற்றிலும் குட்டி விமானங்கள். ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒரு குட்டி விமானத்தின்மேல் விரலை வைத்தார். "ஏம்மா, இவன் எனக்கு மேல இருக்கானா, இல்ல தூரத்துல இருக்கானா?" எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மொட்டை மாடியிலிருந்து பட்டம் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் பறக்கும் சின்னப் பட்டமா, தூரத்தில் பறக்கும் பெரிய பட்டமா என்று வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. நூலைப் பிடித்துக்கொண்டே பார்வையை இறக்கினால்தான் எந்த மாடி என்று தெரியும். திரையிலும் அதே வைத்தியம்தான்: ஒவ்வொரு விமானத்திலிருந்தும் கீழே உள்ள தளத்துக்கு ஒரு கோடு இறக்குவது. கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் எல்லிஸ், மெக்ரீவி ஆகியோர் 1980களில் இப்படித்தான் வரைந்தார்கள். பத்து விமானிகளை வைத்துச் சோதித்து 1987இல் முடிவை வெளியிட்டார்கள். தட்டைப் படத்தைவிட இதில் முடிவெடுக்க நேரம் குறைந்தது. ஏறியோ இறங்கியோ விலகும் யோசனையும் கூடுதலாக வந்தது. ஆக, முப்பரிமாணத் திரை என்ற யோசனை மோசமில்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. 40 கடல் மைல், அதாவது சுமார் 74 கிலோமீட்டர் வானத்தை 15 சென்டிமீட்டர் திரையில் அடைக்கிறோம். விமானங்களுக்கிடையே வழக்கமாக விடும் 1,000 அடி உயர இடைவெளி, அதே அளவுத்திட்டத்தில் வரைந்தால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்! 1996இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே ஒரு விமானத்துக்கு 14,000 அடி, எதிரே வந்ததற்கு 15,000 அடி என்று ஒதுக்கியிருந்தார்கள். மேலே இருக்க வேண்டியது கீழே இறங்கிவிட, இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். அந்த ஆயிரம் அடி கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் உயரத்தை மட்டும் இழுத்து வரைய வேண்டும். இழுத்தால் லேசாக ஏறும் விமானம்கூட ராக்கெட் மாதிரி தெரியும்.

இன்னொன்று. மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் டீகாஸ் கருவிக்கு மற்ற விமானத்தின் உயரம் நன்றாகத் தெரியும், அந்த விமானமே சொல்லிவிடுகிறதே. திசையை மட்டும் தன் ஆன்டெனாவால் குத்துமதிப்பாகத்தான் கணிக்கும். அதனால்தான் அது 'ஏறு', 'இறங்கு' என்று மட்டும் கட்டளையிடுகிறது; 'இடப்பக்கம் திரும்பு' என்று சொல்வதில்லை. குத்துமதிப்பான தகவலை அச்சு அசலாக வரைந்து காட்டினால் விமானி அதை நம்பிவிடுவார். செயற்கைக்கோள் வழியே தன் இடத்தை அறிந்து, அதைத் தானே அறிவிக்கும் விமானங்கள் பெருகிவருவதால் இந்தக் குறை மெல்லக் குறைகிறது.

இப்போதைய திரையில் '+05', பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு என்றால், 500 அடி மேலே இருக்கிறது, இறங்கி வருகிறது என்று பொருள். என் திரையிலும் கோடுகள் போட்டு, ஒவ்வொரு குட்டி விமானத்தின் பக்கத்திலும் இந்த எண்ணைச் சேர்த்து, கேப்டனை மறுபடி உட்கார வைத்தேன். இந்தத் தடவை டக்டக்கென்று சரியாகச் சொன்னார். அவர் விரல் போன இடமெல்லாம் எண்கள்தான். நான் மாதக்கணக்கில் வரைந்த விமானங்களை அவர் பார்க்கவே இல்லை.