அல்காரிதம் மாறும்போது வருமானம் ஏன் குறைகிறது?

கேள்வி: கிரிப்டோ நாணயம் தோண்டும் (மைனிங்) என் ரிக்கில், அதாவது அதற்கான கணினியில், ஆறு ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு). லாபத்தைப் பார்த்துத் தானாக அல்காரிதம் (நாணயத்தைப் பொறுத்து மாறும் கணக்கீட்டு முறை) மாற்றும் மென்பொருள் ஓடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாவுகிறது. திரையில் காட்டும் தொகையைவிடக் கைக்கு வருவது எப்போதும் குறைவுதான். பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்து வருமானத்தைப் பிரித்துக்கொள்ளும் சேவை) ஏமாற்றுகிறதா?

பதில்: அதற்கு முன் லாக் கோப்பைப் பாருங்கள். பழைய மைனர் (மைனிங் நிரல்) நின்ற நொடியிலிருந்து புதியதன் ஹாஷ்ரேட் (கணக்கீட்டு வேகம்) நிலைப்படும் நொடி வரை எவ்வளவு ஆகிறது? (முதல் ஷேர், அதாவது பூலுக்கு அனுப்பும் வேலைச் சான்று, வரும் நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது அதிர்ஷ்டம்.) 45 நொடி என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 144 தாவலில் 108 நிமிடம் போய்விடும். அதாவது 7.5 சதவீதம். மணிக்கு ஒருமுறை என்றால் இழப்பு 1.25 சதவீதம்தான்.

எட்ச்ஹாஷ், காவ்பவ் போன்ற அல்காரிதங்களில் இந்த இடைவெளி நீளும். சுமார் 1 ஜிபியில் தொடங்கி ஒவ்வொரு ஈபாக்குக்கும் (குறிப்பிட்ட எண்ணிக்கை பிளாக்குகள், அதாவது பரிவர்த்தனைத் தொகுப்புகள், கொண்ட காலம்) 8 எம்பி வீதம் வளரும் டேக் கோப்பை (கணக்கீட்டுக்குத் தேவையான பெரிய தரவுத் தொகுப்பு), மாறும்போதெல்லாம் கார்டின் நினைவகத்தில் புதிதாக உருவாக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் மெமரி ஓவர்கிளாக் (இயல்பைவிட வேகத்தைக் கூட்டுவது) அதிகமாக இருந்தால் டேக் பழுதாகலாம். பிறகு ஹாஷ்ரேட் நன்றாகவே தெரியும், ஷேர்கள் மட்டும் செல்லாதவையாகத் திரும்பும். டேக் உருவாகும்வரை மெமரி வேகத்தை இயல்பு நிலைக்கு இறக்கும் வசதி உங்கள் மைனரில் இருந்தால் போட்டுவிடுங்கள்.

ஓவர்கிளாக்கையும் அல்காரிதம்வாரியாகத் தனித்தனியே சேமியுங்கள். எட்ச்ஹாஷ் மெமரியை நம்பியது. காவ்பவ் கோரையும் (கார்டில் கணக்கிடும் பகுதியையும்) பிழிந்தெடுக்கும். முன்னதுக்காகக் கோர் வேகத்தை இறக்கிய அமைப்பு அப்படியே நீடித்தால் பின்னதில் ஹாஷ்ரேட் சரியும். கார்டு தொங்கி ரிக் மறுபடி எழுந்தால் நிமிடக்கணக்கில் நட்டம்.

இனி எப்போது மாறுவது? 45 நொடி இழப்புக்கு 3 சதவீதக் கூடுதல் லாபம் என்றால், சுமார் 26 நிமிடம் அங்கேயே தங்கினால்தான் முதல் தேறும். ஆகவே குறைந்தபட்சத் தங்கலை 30 நிமிடமாகவும், மாறுவதற்கான லாப வித்தியாசத்தை 5 சதவீதத்துக்குக் குறையாமலும் வையுங்கள்.

இவ்வளவு செய்தும் துண்டு விழுந்தால், மென்பொருள் காட்டும் லாப மதிப்பீட்டையே சந்தேகியுங்கள். பல எண்களில் உச்சத்தைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் தற்செயலாக ஊதியிருக்கும் எண்தான் சிக்கும். உங்களைப் போலவே மற்றவர்களும் அதே சிறு நாணயத்துக்குப் பாய்வதால், டிஃபிகல்டியும் (பிளாக் கண்டுபிடிக்கும் கடினமும்) சீக்கிரமே ஏறிவிடுகிறது. யிம்ப் (பூல் நடத்தும் மென்பொருள்) வகைப் பூல்களில் ‘தற்போதைய மதிப்பீடு’ வேண்டாம். கடந்த 24 மணி நேரத்தில் உண்மையில் கிடைத்த எண்ணை மென்பொருளுக்குக் கொடுங்கள். பூலைச் சோதிக்க வேண்டுமானால் ஒரே அல்காரிதத்தில் ஒரு முழு நாள் ஓட்டி, ஏற்கப்பட்ட ஷேர்களை எண்ணுங்கள். 100 ஷேரில் 10 சதவீத ஏற்ற இறக்கம் இயல்பு. 10,000 ஷேரில் அது 1 சதவீதமாகச் சுருங்கும்.

கேள்வி: பிபிஎல்என்எஸ் முறையில் (பிளாக் கிடைக்கும்போது கடைசியாக வந்த குறிப்பிட்ட எண்ணிக்கை ஷேர்களுக்கு மட்டும் பங்கு தருவது) பாதியில் வெளியேறினால் அதுவரை போட்ட ஷேர் வீணா?

பதில்: இல்லை. பலர் நம்பும் தவறு இது. ஷேர்கள் கணக்குச் சாளரத்துக்குள் இருக்கும்வரை, கிடைக்கும் பிளாக்குகளில் பங்கு வரும். சராசரி குறையாது, ஏற்ற இறக்கம்தான் கூடும். வீணாவது வேறிடத்தில்: ஐந்தாறு நாணயங்களில், பூலின் குறைந்தபட்சப் பட்டுவாடாத் தொகையை எட்டாமல் சில்லறையாக நிற்கும் மீதி. எல்லாவற்றையும் ஒரே நாணயமாக மாற்றித் தரும் பூலில் இந்தத் தொல்லை இல்லை. மாற்றுக் கட்டணம் மட்டும் எவ்வளவு என்று பாருங்கள்.