பந்து வராத நகர்வுகளைப் பாருங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் 11ஆம் வகுப்பு. உயரம் 6 அடி 4 அங்குலம், எடை 215 பவுண்டு. கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவனைப் பள்ளிப் பயிற்சியாளர் அழைத்து, அமெரிக்கக் கால்பந்து அணியில் ‘டைட் எண்ட்’ இடத்தில் நிறுத்தினார். ஒரே பருவத்தில் அவன் மனம் முழுவதும் அங்கே போய்விட்டது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஒன்றுதான் இலக்கு என்கிறான். கணினிப் பொறியியலைத் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறார் அவன் அப்பா. மூன்று வாரமாகச் சாப்பிடும் நேரத்தில் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகவே மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

விடலாமா, கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடட்டும் என்பதே என் பதில். அவன் என்.எஃப்.எல்.லுக்குப் போய்விடுவான் என்று நம்பிச் சொல்லவில்லை. இந்த ஆட்டம் அவனை எந்த வயதில் வெளியே அனுப்பினாலும், அதுவரை ஆடியதற்கு அவன் கையில் ஏதாவது மிஞ்சியிருக்கும்படி செய்ய முடியும். அதற்கு இந்த ஆண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் வளரும் பிள்ளையிடம் கால்பந்தை மறந்துவிடு என்று சொன்னால் எடுபடாது. என்.எஃப்.எல்.லின் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் தலைமையகமே உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அந்த வளாகத்தின் 12,000 பேர் உட்காரும் உள்ளரங்கில் உங்கள் ஊர்ப் பள்ளிகளின் ஆட்டங்கள் நடக்கின்றன. கௌபாய்ஸ் வீரர்கள் பயிற்சி எடுக்கும் தரையில் 16 வயதுப் பையன் ஓடுகிறான். உங்களுக்கு எட்டாத தொலைவாகத் தெரிவது அவனுக்குப் பக்கத்துத் தெருவாகத் தெரிகிறது. இதற்காக அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

அவன் ஆசைப்படும் வேலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முன்வரிசையின் ஓரத்தில், டேக்கிள் என்னும் பெரிய தடுப்பாளரை ஒட்டி நிற்பவர் டைட் எண்ட். அப்படி ஒட்டி நிற்பதால்தான் அந்தப் பெயர். வரிசையின் நடுவில் நிற்கும் ஐந்து பேர் முன்னோக்கி வீசப்படும் பந்தைப் பிடிக்கக் கூடாது, இவர் பிடிக்கலாம். வெளியே தள்ளி நிற்கும் ரிசீவர்களுக்கு ஓடிப் பிடிப்பதே பிழைப்பு, முட்டி மோதும் வேலை குறைவு. இவருக்கு அதுவும் உண்டு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த இடம் இது.

ஒரே ஒரு நகர்வைப் பாருங்கள். உங்கள் மகன் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றியிருக்கிறான். எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவனைவிட 50 பவுண்டு கனமான டிஃபென்சிவ் எண்ட், அதாவது எதிரணித் தற்காப்பு வரிசையின் ஓரத்து ஆள். பந்து பின்னால் போகும் கணத்தில் மகன் வைக்கும் முதல் எட்டு அரை அடிகூட இருக்காது. நீளமாக எட்டு வைத்தால், ஒரு கால் காற்றில் இருக்கும்போதே இடி விழும், சாய்ந்துவிடுவான். முழங்கால் மடிந்தபடியே இருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளும் எதிராளியின் நெஞ்சில், தோள்களுக்கு உட்புறமாகப் போய்ப் பதிய வேண்டும். வெளிப்பக்கம் பற்றி இழுத்தால் 10 கெஜம் அபராதம். எல்லாம் மூன்று நான்கு விநாடிகளில் முடிந்துவிடும். அவன் திறந்துவிட்ட வழியில் பந்தோடு ஓடியவன் பெயரை அரங்கம் கூவும். அடுத்த நகர்வில் அதே போலக் குனிந்து, முட்டப் போவதாகக் காட்டி, பிடியிலிருந்து நழுவி, நடுக்களத்தில் திரும்பிப் பந்தைப் பிடிக்க வேண்டும். முதல் நகர்வில் மனதார முட்டியவனை நம்பித்தான் எதிராளி இரண்டாவதில் ஏமாறுவான்.

இனி கணக்குக்கு வருகிறேன். உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 10 லட்சம் மாணவர்கள் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் எல்லாப் பிரிவுக் கல்லூரிகளையும் சேர்த்தால் ஆடுபவர்கள் 70,000 பேரைத் தாண்டும். என்.எஃப்.எல். அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்துக் கல்லூரி வீரர்களை எடுப்பதைத் தேர்வு (டிராஃப்ட்) என்பார்கள்; ஓர் ஆண்டில் அந்தத் தேர்வுக்குத் தகுதி பெறுகிறவர்களில் உள்ளே போவோர் ஏறத்தாழ 1.6 சதவீதம் என்பது என்.சி.ஏ.ஏ.வே வெளியிடும் மதிப்பீடு. மொத்தம் 32 அணிகள், அணிக்கு 53 பேர், அதில் டைட் எண்டுகள் பெரும்பாலும் மூவர். ஆக, இந்த வேலைக்கு நாட்டில் இருப்பது ஏறக்குறைய நூறு நாற்காலிகள். அதில் அமர்ந்தவர்களும் நிலையாக அமர்வதில்லை. வீரர்களின் சராசரி ஆட்டக்காலம் 3.3 ஆண்டு என்கிறது வீரர்கள் சங்கம். ஓய்வூதிய உரிமைக்கு மூன்று பருவங்கள் கணக்கில் ஏற வேண்டும். பலருக்கு அந்தக் கோட்டைத் தொடுவதற்குள் காலம் முடிந்துவிடுகிறது.

ஆன்டோனியோ கேட்ஸ் கதையை மகன் உங்களிடம் சொல்லியிருப்பான். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து மட்டும் ஆடியவர். 2003இல் எந்த அணியும் அவரைத் தேர்வில் எடுக்கவில்லை. தாமாகச் சேர்ந்து, எதிரணியின் எல்லைக்குள் பந்தைப் பிடித்துப் புள்ளி சேர்க்கும் டச்டவுன் 116 எடுத்து, 2025இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். டோனி கொன்சாலஸும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆட்டமும் ஆடியவர்தான். 1,325 முறை பந்தைப் பிடித்தார். இவை உண்மைக் கதைகள். கூடைப்பந்தில் எதிராளியை முதுகால் மறைத்துப் பந்தை எடுக்கும் பழக்கம் இந்த இடத்துக்கு அப்படியே உதவுகிறது. உங்கள் மகனின் பயிற்சியாளர் ஏதோ விளையாட்டாக அவனை மாற்றவில்லை.

ஆனால் அவன் படிக்க வேண்டியது ஜார்ஜ் கிட்டிலின் கதையை என்பேன். அயோவா பல்கலைக்கழகத்தில் ஆடிய காலம் முழுவதிலும் அவர் பிடித்தது வெறும் 48 பந்துகள். அங்கே அவர் கற்றது தடுப்பது. 2017இல் ஐந்தாவது சுற்றில், 146ஆவது ஆளாகத் தேர்வானார். மறு ஆண்டே, பிடித்த பந்துகளால் மொத்தம் 1,377 கெஜம் முன்னேறி, டைட் எண்டுகளில் அதுவரை யாரும் எட்டாத அளவைத் தொட்டார். தடுக்கத் தெரிந்ததால் அவரைக் களத்தில் வைத்திருந்தார்கள். களத்தில் இருந்ததால் பந்து வந்தது. பந்தைப் பிடிக்க மட்டும் தெரிந்த உயரமான பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

சம்பளத்தைப் பற்றிச் செய்தித்தாளில் வரும் தொகைகளை நம்பி வீட்டில் பேசாதீர்கள். கிட்டிலுக்கு 2025இல் கிடைத்த ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 1 கோடியே 90 லட்சம் டாலர். அதே ஆண்டில் புதிதாகச் சேர்ந்த வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர், அதுவும் 53 பேர் பட்டியலில் பருவம் முழுவதும் இருந்தால். கோடையில் 90 பேரை வைத்துப் பயிற்சி தொடங்குவார்கள். ஆகஸ்ட் இறுதியில் 53 ஆக்குவார்கள். வெளியே வந்தவர்களில் சிலருக்குப் பயிற்சி அணியில் இடம் உண்டு; அங்கே 2025இல் குறைந்தபட்சம் வாரத்துக்கு 13,000 டாலர், எந்த வாரமும் கடைசி வாரமாகலாம். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை வேறு, உறுதி செய்யப்பட்ட தொகை வேறு.

இந்த இடத்துக்குப் பெயரே சம்பளத்தைக் குறைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2014இல் நியூ ஆர்லியன்ஸ் அணி ஜிம்மி கிரஹாமை, நிற்கும் இடத்துக்கு லீக் குறித்த தொகையைக் கொடுத்து ஓராண்டுக்கு வைத்துக்கொள்ள முனைந்தது. அவர், தாம் பெரும்பாலும் ரிசீவர் நிற்கும் இடங்களில்தான் நிற்கிறோம், ரிசீவருக்கு உரிய தொகையைக் கொடுங்கள் என்று முறையிட்டார். ரிசீவர் என்றால் ஓராண்டுக்கு சுமார் 1 கோடியே 23 லட்சம் டாலர். டைட் எண்ட் என்றால் சுமார் 70 லட்சம். டேக்கிளிலிருந்து எத்தனை கெஜம் தள்ளி நின்றார் என்று அளந்து பார்த்து, அவர் டைட் எண்ட்தான் என்று நடுவர் தீர்ப்பளித்தார். நின்ற இடத்தின் கெஜக் கணக்கில் அந்த ஓராண்டுத் தொகையில் 50 லட்சம் டாலருக்கு மேல் வித்தியாசம். எந்தத் தொழிலிலும் பதவியின் பெயரைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள் என்று என்னிடம் வரும் மாணவர்களுக்குச் சொல்லும்போது இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

உடம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஜான் மேக்கி என்பவர் 1960களில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் டைட் எண்ட், இந்த இடத்தின் இலக்கணத்தை மாற்றியவர்களில் ஒருவர், வீரர்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். பிற்காலத்தில் அவரை மறதி நோய் பிடித்தது. அவருடைய மனைவி சில்வியா லீக் தலைவருக்கு எழுதிய கடிதத்தின் விளைவாக, இப்படிப்பட்ட முன்னாள் வீரர்களைப் பராமரிக்க 2007இல் ஒரு நிதித் திட்டம் வந்தது. மேக்கியின் சட்டை எண் 88. திட்டத்துக்கு அதையே பெயராக வைத்து, ஆண்டுக்கு 88,000 டாலர் வரை என்று தொடங்கினார்கள். 2011இல் அவர் இறந்தபின், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்னும் மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது தெரிந்தது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் என்.எஃப்.எல். வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110இல் அந்த நோய் இருந்தது. ஐயம் எழுந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுத்தார்கள், ஆகவே எல்லா வீரர்களுக்கும் அந்த விகிதம் பொருந்தாது. என்றாலும் ஒரு தாய் அதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

எனவே ஒரு நிபந்தனையை மகனிடம் இப்போதே, அமைதியான நேரத்தில், பேசி முடியுங்கள்: தலையில் அடிபட்டால் மறைக்கக் கூடாது. டெக்சஸ் சட்டப்படி, மூளை அதிர்ச்சி என்று ஐயப்பட்டால் மாணவனை அன்றே களத்திலிருந்து எடுக்க வேண்டும், மருத்துவர் எழுத்தில் அனுமதித்த பிறகே திரும்பலாம். பையன்கள் இடம் போய்விடும் என்று அஞ்சி வாயை மூடிக்கொள்வார்கள். வாய் திறந்து சொன்னால் வீட்டில் திட்டு விழாது என்ற உறுதியை நீங்கள் கொடுங்கள். ‘அப்போதே சொன்னேனே’ என்ற சொல் அன்று உங்கள் கணவர் வாயிலிருந்து வரவே கூடாது.

படிப்பு விஷயத்தில் உங்கள் கணவருக்கு நல்ல செய்தி உண்டு. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் என்.எஃப்.எல். யாரையும் எடுக்காது. ஆகவே கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும். முதல் பிரிவுக் கல்லூரியில் ஆட 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும், அவற்றில் 10ஐ 12ஆம் வகுப்பு தொடங்குவதற்குள் முடித்திருக்க வேண்டும், ஜி.பி.ஏ. என்னும் மதிப்பெண் சராசரி (4க்கு) குறைந்தது 2.3. இந்த வாரமே பள்ளி ஆலோசகரிடம் போய்ப் பாடப் பட்டியலைச் சரிபாருங்கள். 2.3 நுழைவுச் சீட்டு மட்டுமே; பொறியியலும் வேண்டும் என்றால் அது எதற்கும் போதாது.

கல்லூரி என்றால் டெக்சஸின் பெரிய அணிகள் மட்டும் என்று மகன் நினைத்துக்கொண்டிருக்கலாம். எம்.ஐ.டி.க்கும் கார்னெகி மெலனுக்கும் கால்பந்து அணி உண்டு என்று அப்பாவுக்குத் தெரியுமா? இரண்டும் மூன்றாம் பிரிவு, விளையாட்டு உதவித்தொகை கிடையாது. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்ப வருமானம் பார்த்து உதவுகின்றன. மற்றொரு பக்கம் ஜார்ஜியா டெக் போன்ற பல்கலைக்கழகங்களில் பொறியியலும் உயர்மட்டக் கால்பந்தும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அப்பாவின் பட்டியலையும் மகனின் பட்டியலையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். சில பெயர்கள் இரண்டிலும் வரும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை உலுக்கியது. குடும்பம் இன்னும் ஹெச்-1பி விசாவில் இருக்கிறது, கிரீன் கார்டு வரிசை நகரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் மகன் இருப்பது ஹெச்-4இல், அதாவது ஹெச்-1பி வைத்திருப்பவரின் குடும்பத்தாருக்கான விசாவில். அவன் வேலை செய்து சம்பாதிக்க முடியாது. 21 வயதானால் அந்த நிலையும் போய்விடும், மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை முதல் அனுமதி இருக்கிறது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். கூட ஆடும் பையன் வாங்கும் காசை உங்கள் மகன் தொட்டால் விசாவுக்கே ஆபத்து வரலாம். பயிற்சியாளருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். இந்தக் கடிதத்தில் மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. தடுப்பாளர் வரிசை என்ன செய்யும், ரிசீவர்கள் எங்கே ஓடுவார்கள் என்று இரண்டையும் கற்க வேண்டியிருப்பதால், டைட் எண்டுகள் ஆட்டத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆசி நியூசம் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் பொது மேலாளராகி வெற்றி பெற்றார். டேன் கேம்பல் டெட்ராய்ட் அணியின் தலைமைப் பயிற்சியாளர். கிரெக் ஓல்சன் தொலைக்காட்சி வர்ணனையாளர். ஆனால் இவர்கள் நாற்காலி கிடைத்தவர்கள். கிடைக்காதவனுக்குப் பட்டம்தான் துணை, அதனால்தான் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது முழங்கால் போனாலும் அங்கே படிக்க விரும்புவாயா என்று அவனிடம் கேட்கச் சொல்கிறேன்.

வரும் சனிக்கிழமை உங்கள் மகனுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், அவன் அப்பாவும் உடன் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் காணொளியைப் போடச் சொல்லுங்கள். பந்தைப் பிடித்த நகர்வுகளை அவன் முதலில் காட்டுவான், ரசித்துப் பாருங்கள். பிறகு பந்து அவன் பக்கமே வராத நகர்வுகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் யாரைத் தடுக்க வேண்டியிருந்தது, கால் எங்கே இருந்தது, எங்கே தவறினான் என்று கேளுங்கள். அவன் அலுத்துக்கொள்கிறானா, நேரம் போவது தெரியாமல் விளக்குகிறானா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை அதை வைத்துப் போடுவோம்.