டச்பேடும் மவுஸும் கைக்கு அடங்க எந்த அமைப்புகளை மாற்றவேண்டும்?

புது மடிக்கணினியில் தட்டச்சு செய்யும்போது கர்சர், அதாவது எழுத்து விழும் இடத்தில் மினுக்கும் கோடு, வேறு வரிக்குத் தாவிவிடுகிறது, இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்தினால் எதிர்த்திசையில் ஓடுகிறது, மவுஸை மாட்டினாலும் அம்புக்குறி நினைத்த இடத்தில் நிற்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கூடலில் சிறிய கணினி மையம் ஒன்றை நடத்துகிறேன். இதே குறைகளோடு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். "அண்ணாச்சி, வைரஸ் புகுந்துவிட்டது" என்றுதான் பாதிப் பேர் ஆரம்பிப்பார்கள். வைரஸுக்கு இதைவிடப் பெரிய வேலைகள் இருக்கின்றன.

கர்சர் தாவுவதற்குப் பெரும்பாலும் காரணம் உங்கள் கட்டைவிரலின் அடிச்சதை. ஸ்பேஸ் விசையைத் தட்டப் போகும்போது அது டச்பேடின் மேல்விளிம்பில் உரசுகிறது. கணினி அதை ஒரு கிளிக் என்று எடுத்துக்கொண்டு, அம்புக்குறி அப்போது எங்கே நிற்கிறதோ அங்கே கர்சரைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'டச்பேட்'. அங்கே 'டச்பேட் சென்சிடிவிட்டி' என்பதற்கு நான்கு படிகள் உண்டு. வாங்கும்போது 'மீடியம்' என்று இருக்கும். 'லோ' என்று மாற்றுங்கள். பெயரைப் பார்த்தால் விரலின் அழுத்தத்தை அளக்கும் ஏற்பாடு என்றே தோன்றும். விசையைத் தட்டிய பிறகு எவ்வளவு நேரம் தொடுகையைக் கண்டுகொள்ளாமல் இருக்கவேண்டும் என்பதும் இதற்குள்தான் அடங்கியிருக்கிறது. விண்டோஸ் 8.1இல் இதையே 'தாமதம்' என்று நேராகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெயரே நன்றாக இருந்தது. மவுஸை மாட்டினால் டச்பேட் தானாக அணைந்துவிடும்படி செய்யவும் அதே பக்கத்தில் வழி இருக்கிறது. 'லீவ் டச்பேட் ஆன் வென் எ மவுஸ் இஸ் கனெக்டட்' என்பதன் டிக்கை எடுத்துவிட்டால் போதும். லினக்ஸில் க்னோம் என்ற திரைச்சூழலை வைத்திருப்பவர்கள் 'மவுஸ் அண்ட் டச்பேட்' பகுதியில், தட்டச்சு செய்யும்போது டச்பேடை நிறுத்திவைக்கும் விருப்பத்தைத் தேடுங்கள்.

பக்கம் எதிர்த்திசையில் ஓடுவது பழக்கத்தைப் பொறுத்தது. ஒரு முறையில் விரல் காகிதத்தையே தள்ளுகிறது. மறுமுறையில் ஓரத்தில் இருக்கும் பட்டையைத் தள்ளுகிறது. கைப்பேசியில் வளர்ந்தவர்களுக்கு முதலாவது இயல்பு, மவுஸ் சக்கரத்தில் வளர்ந்த என் போன்றவர்களுக்கு இரண்டாவது. 2011இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் திசையைத் திருப்பி வைத்தபோதும் இதே எரிச்சல்தான் எழுந்தது. டச்பேட் பக்கத்திலேயே 'ஸ்க்ரோலிங் டைரக்ஷன்' இருக்கிறது. மாற்றிவிட்டு மறந்துவிடுங்கள்.

மவுஸ் விஷயத்துக்கு வருகிறேன். மவுஸ் அமைப்புகளில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒன்று முன்பே டிக் செய்யப்பட்டிருக்கும். துல்லியத்தைக் கூட்டும் ஏற்பாடு என்று பெயர் சொல்கிறது. அது செய்வது வேறு: கை வேகமாக நகர்ந்தால் அம்புக்குறியைக் கூடுதல் தூரம் ஓடவைக்கிறது, மெதுவாக நகர்ந்தால் குறைந்த தூரம். மேசையில் அதே ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தினாலும் திரையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தூரம். ஆடி மாதம் கோயில் கொடை நோட்டீஸ்கள் குவியும்போது, வரிதாரர்களின், அதாவது கொடைக்கு வரி கொடுத்தவர்களின், பெயர்களை ஒரு மயிரிழை இடமோ வலமோ தள்ளி வரிசையில் நிறுத்துவதுதான் என் வேலை. இந்த டிக் இருந்தால் என் கைக்கணக்கு தப்பிவிடும். அதனால் எடுத்துவிட்டேன். எடுத்த அன்று அம்புக்குறி சேற்றில் நடப்பதுபோல் இருந்தது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. டச்பேடை மட்டுமே நம்பியிருப்பவர்கள் இந்த விஷயத்தில் என்னைப் பின்பற்றவேண்டாம். உள்ளங்கை அகலத்துக்குள் முழுத் திரையையும் கடக்கவேண்டும் என்றால் அந்த முடுக்கம் தேவை.

வேகத்துக்கு 1 முதல் 20 வரை ஓர் இழுபட்டை உண்டு. அதை நடுவில், 10இல், விட்டுவிடுவது நல்லது. மவுஸின் முதுகில் டிபிஐ பொத்தான் (கையசைவை மவுஸ் எவ்வளவு நுணுக்கமாக அளக்கவேண்டும் என்று மாற்றுவது) இருந்தால் வேகத்தை அங்கே கூட்டுங்கள். பட்டையை மிகவும் ஏற்றினால் அம்புக்குறி புள்ளிகளைத் தாண்டித் தாண்டிப் போகும், நுணுக்கமான வேலைக்கு ஆகாது.

இவ்வளவும் செய்து தீரவில்லை என்றால் அமைப்புகளை விட்டுவிட்டு மேசையைப் பாருங்கள். கண்ணாடி போட்டு அதற்கடியில் சாமி படமும் காலண்டரும் வைத்திருந்தால் சாதாரண ஒளி மவுஸ் அதன்மேல் தடுமாறத்தான் செய்யும். நான் முதலில் ஒரு பத்தமடைப் பாய்த் துண்டைப் போட்டுப் பார்த்தேன். பார்க்க அழகு, ஆனால் நான் வாங்கியது சாதாரண ரகம், கோரையின் வரிவரியில் மவுஸ் தட்டித் தட்டி நின்றது. இப்போது பழைய கணக்குப் புத்தகத்தின் அட்டைதான்.

இன்னொன்று மின்சாரம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று முறை வந்துபோனார். என் கடையில் டச்பேட் ஒழுங்காக வேலை செய்யும், அவர் வீட்டில் அம்புக்குறி பேயாட்டம் ஆடும். கடைசியில் வீட்டுக்கே போனேன். அந்தக் காலத்து வீடு, இரண்டு துளை பிளக். சார்ஜரின் எர்த் முனை நுழையாததால் இடையில் ஓர் அடாப்டரைச் செருகியிருந்தார். மடிக்கணினியின் உலோக மூடியில் புறங்கையை வைத்தால் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கியதும் அம்புக்குறி சாதுவாகிவிட்டது. விரல் தொடும்போது ஏற்படும் மிகச் சிறிய மின்தேக்க மாற்றத்தை அளந்துதான் டச்பேட் வேலை செய்கிறது. எர்த் இல்லாத சார்ஜரின் இரைச்சல் அந்த அளவைக் குழப்பிவிடுகிறது. எனவே முதல் சோதனையாக ஐந்து நிமிடம் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். குறை மறைந்துவிட்டால் தேடவேண்டியது எலக்ட்ரீஷியனை.

விரலும் ஒரு காரணமாகலாம் என்பதை எனக்குக் காட்டியவர் எதிர்வீட்டு மைனி. முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறார். மகளுக்குக் கிடைத்த அரசு மடிக்கணினியில் பேரப்பிள்ளையின் படங்களைப் பார்க்க ஆசை. டச்பேடில் அவர் விரலை இழுத்தால் அம்புக்குறி அசையவே இல்லை. அதே இடத்தில் நான் தொட்டால் ஓடுகிறது. "இந்தப் பெட்டிக்கும் என்னைப் பிடிக்கவில்லை தம்பி. ரேசன் கடையிலும் இப்படித்தான், ரேகை விழாது" என்று சிரித்தார். அவர் விரல்நுனியைத் தொட்டுப் பார்த்தேன். இலையையும் நூலையும் பிடித்துப் பிடித்து வழுவழுவென்று காய்த்து, காய்ந்திருந்தது. அவ்வளவு வறண்ட தடித்த தோலிலிருந்து டச்பேடுக்குப் போதுமான குறிப்பு கிடைப்பதில்லை. சென்சிடிவிட்டியை உச்சத்துக்கு ஏற்றினேன்; கொஞ்சம்தான் உதவியது. அவரே சுளகில் கிடந்த ஈரத்துணியில் விரலை ஒற்றிவிட்டுத் தொட்டார், இலையை நனைத்துச் சுற்றுகிற பழக்கம். அம்புக்குறி ஓடியது! ஈரம் அதிகமானால் மறுபடி துள்ளும் என்பதால் ஒற்றல்தான், தோய்த்தல் கூடாது.

ஆனாலும் தினமும் ஈரத்துணி தேட முடியுமா? ஒரு மவுஸ் வாங்கிக் கொடுத்தோம். அடுத்த தொல்லை இரட்டை கிளிக். இரண்டு கிளிக்குக்கும் இடையில் கை நகர்ந்து, படம் இழுபட்டு வேறு கோப்புறைக்குள் போய்விடும். விண்டோஸ் இயல்பாக அரை விநாடிக்குள் இரண்டாவது கிளிக்கை எதிர்பார்க்கிறது. மவுஸ் அமைப்புகளில் அதை 0.9 விநாடி வரை தளர்த்தலாம். தளர்த்தியும் பலனில்லை. கடைசியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் விருப்பங்களில், ஒரே கிளிக்கில் கோப்பு திறக்கும்படி மாற்றிவிட்டேன். அக்சசிபிலிட்டி பகுதியில் அம்புக்குறியைப் பெரிதாக்கி, மவுஸ் அமைப்புகளில் கன்ட்ரோல் விசையைத் தட்டினால் அதைச் சுற்றி வளையம் தோன்றும்படியும் வைத்தேன்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த மகள் கொதித்துப் போனாள். தொட்டதெல்லாம் திறந்துகொள்கிறது, அம்புக்குறி ஆமையாக நகர்கிறது, யார் கைவைத்தது என்று. மவுஸ் அமைப்புகள் பயனர் கணக்குக்குக் கணக்கு தனித்தனியாகச் சேமிக்கப்படும் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது, முதலிலேயே வந்திருக்கவேண்டும். அம்மாவுக்கென்று தனிக் கணக்கு தொடங்கி எல்லாவற்றையும் அங்கே வைத்தேன். கணக்குக்குப் படம் கேட்டபோது மைனி பேரனைத் தேர்ந்தெடுக்கவில்லை, வீட்டுச் சேவலைத் தேர்ந்தெடுத்தார்.