கைப்பையில் சிலுவை போட்டு விற்கலாமா?

கேள்வி: கையால் செய்யும் பைகளில் சிலுவை, புறா, மீன் போன்ற கிறிஸ்தவச் சின்னங்களைப் போட்டு விற்க நினைக்கிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்வார்கள். அதிலும் மற்ற மதத்தார் அல்ல, நம் ஆலயத்தில் பக்கத்துப் பாயில் உட்காருகிறவர்கள்தான். நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள், வீட்டில் யாரோ ‘இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரி. பதினோரு வருடமாகப் பனையோலையில் பை முடைகிறேன். அம்மா கொட்டான், கடகம் என்று ஓலைப்பெட்டிகள் முடைந்தவர். நான் அதற்குக் கைப்பிடியும் மூடியும் வைத்தேன், அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை உரித்தெடுத்து, ஒரே அகலமாக வகிர்ந்து, பாதியைச் சாயத்தில் கொதிக்கவைக்க வேண்டும். முடைந்து முடித்த பிறகு மேலாகச் சாய ஓலையைச் செருகினால் உரு வரும். குறுக்கும் நெடுக்குமான வேலை என்பதால் சிலுவை தானாக வந்து உட்கார்ந்துவிடும். மீனையும் படிப்படியாக ஏற்றி இறக்கிக் கொண்டுவந்துவிடலாம். புறாதான் வராது. ஓலைக்கு வளையத் தெரியாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், பிறகு சொல்கிறேன்.

முதலில் எல்லாப் பையிலும் பெரிய சிவப்புச் சிலுவைதான் போட்டேன். ஒரு பெரியம்மா 350 ரூபாய் கொடுத்து வாங்கிப்போய், மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்தார். “பஸ்ஸில் இதைக் காலடியில்தான் வைக்கிறேன். சந்தையில் கருவாடு வாங்கிப் போடுகிறேன். ஆண்டவருடைய சிலுவையை இப்படி இழுத்துக்கொண்டு அலையவா, நீயே சொல்லு” என்றார். அன்றிரவு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கருவாடு போடுவதற்கா இரண்டு நாள் உட்கார்ந்து முடைந்தேன்? ஆனால் விடிந்ததும் யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அன்றுமுதல் சிலுவையை மூடியின் உள்பக்கம் சின்னதாகப் போடுகிறேன். திறக்கிறவருக்கு மட்டும் தெரியும். வெளியே மீனும் நங்கூரமும்.

நங்கூரமா என்று கேட்காதீர்கள். நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்று எபிரெயர் நிருபம் 6:19 சொல்கிறது. ரோமாபுரியில் ஆதிக் கிறிஸ்தவர்களின் நிலத்தடிக் கல்லறைகளிலேயே மீனும் நங்கூரமும் இருக்கின்றன. நங்கூரத்தின் வளைவுக்காக மூடியில் துணி வைத்து நூலால் தைக்கிறேன். எங்கள் ஊரில் அதைப் பார்த்து “உங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறாரா?” என்று கேட்டு வாங்கிப் போனவர்களும் உண்டு. விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கத்தோலிக்க வீடுகளில் மாதா உருவம் கேட்பார்கள். ஓலையில் முகம் சரியாக அமையாது, கோணலாகிவிட்டால் அது வேறு வம்பு. அந்த ஆர்டரை மட்டும் வாங்குவதில்லை.

‘ஆண்டவரை விற்றுப் பிழைக்கிறாள்’ என்று இதற்குக் கீழே எழுத ஒருவர் வருவார், தெரியும். ஐயா, நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கைத்தொழிலும் கூடவே வந்தது. அந்த லேஸை விற்றுத்தான் எத்தனையோ பெண்கள் முதன்முதலாகத் தங்கள் சம்பாத்தியத்தைக் கையில் வாங்கினார்கள். அதை நாம் பெருமையாகத்தானே சொல்லிக்கொள்கிறோம்? நான் முடைந்தால் மட்டும் பாவமா? நான் யாருக்கும் பை வாங்கினால் ஆசீர்வாதம் வரும் என்று சொல்லி விற்கவில்லை.

இப்போது புறா. எங்கள் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வரும் பொருள்களை ஏலம் விடுவார்கள். சில வருடங்களுக்கு முன் அதற்கு ஒரு பை கொடுத்தேன். பரிசுத்த ஆவியின் அடையாளமாக இருக்கட்டும் என்று மூன்று நாள் மல்லுக்கட்டிப் புறா செருகினேன். ஏலம் விட்ட அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்து, “அடுத்தது, கோழி போட்ட பை!” என்றார். சற்றுமுன்தான் நிஜச் சேவல் ஒன்று ஏலம் போயிருந்தது. சபை முழுக்கச் சிரித்தது. போதகர் ஐயாவும் சிரித்தார்.

கோழிப் பை 600 ரூபாய்க்குப் போனது. எடுத்தவர் வசதியான ஆள்தான். ஊரே கேட்கும்படி சத்தமாக ஏலம் கூறுவது, ‘பிறகு தருகிறேன்’ என்று பொருளைத் தூக்கிக்கொண்டு போவது, வருடக்கணக்கில் கணக்கு நோட்டில் கடனாகவே நிற்பது. இந்தப் பழக்கத்தைப் பற்றி ஏன் யாரும் பிரசங்கம் செய்வதில்லை? தேங்காய் ஒன்று கொண்டுவந்து வைக்கும் ஏழைக் கிழவி கடன் சொல்வதில்லை. கேட்டால் “காணிக்கை விஷயத்தில் கணக்குப் பார்க்கலாமா?” என்று என் வாயை அடைக்கிறார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், மன்னிக்கவும்.

அந்த 600 ரூபாய் இன்றுவரை வரவில்லை. அவர் மனைவி ஞாயிறுதோறும் வேதாகமத்தையும் பாமாலைப் புத்தகத்தையும் அந்தப் பையில்தான் போட்டுக்கொண்டு வருகிறார். எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்து, கோழி என்னைப் பார்க்கும்படி வைக்கிறார்.