டிங்கர் பதில்கள்: மூன்று அங்குலத்தை எங்கே அளப்பது?

கேள்வி (சான் அன்டோனியோ, டெக்சஸ்): 1951 செவ்ரோலெட் 3100 பிக்கப் வாங்கியிருக்கிறேன். பின்பக்க மூலைகளிலும் வளைந்த கண்ணாடி வைத்த ஐந்து ஜன்னல் கேபின். கூரையைத் தாங்கும் பில்லர்களில் ஒரு துண்டு வெட்டியெடுத்து, கூரையை நான்கு அங்குலம் இறக்க ('சாப்' செய்ய) ஆசை. என் உயரம் 5 அடி 11 அங்குலம். எவ்வளவு வெட்டலாம், அளவை எப்படி எடுப்பது?

பதில்: டேப்பை எடுக்கும் முன் வண்டியில் ஏறி உட்காருங்கள். வழக்கமாகப் போடும் ஷூவோடு, வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் விதத்திலேயே. வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, உங்கள் கண் மட்டத்தை முன்கண்ணாடியில் மாஸ்கிங் டேப்பால் குறிக்கச் சொல்லுங்கள். கூரை இறங்கிய பிறகு, கண்ணாடியின் மேல் விளிம்பு அந்தக் குறியிலிருந்து நான்கு விரற்கடையாவது உயரத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் குனிந்து எட்டிப் பார்ப்பீர்கள். சீட்டின் அடிச்சட்டத்தை மாற்றிக் கட்டினால் ஒன்றரை, இரண்டு அங்குலம் மீட்கலாம்.

நான் சொல்வது மூன்று அங்குலம். நான்கு வெட்டினால் இந்த கேபினின் ஜன்னல் தபால் பெட்டி வாய் மாதிரி ஆகிவிடும். நம்பிக்கை இல்லையென்றால், கேமராவைக் கதவின் நடு உயரத்தில் பிடித்து, இருபதடி தள்ளி நின்று பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். பெரிதாக அச்சிட்டு, ஜன்னல் பகுதியில் அளவுக்கேற்ற பட்டையைக் கத்தரித்துவிட்டு ஒட்டுங்கள். மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று. ஒரு வாரம் ஃபிரிட்ஜ் கதவில் தொங்கட்டும்.

அப்புறம் அளவு. இங்கேதான் நான் ஒரு வண்டியைக் கெடுத்தேன். கலிஃபோர்னியாவுக்கு வந்த புதிது. 1950 ஃபோர்டு பிக்கப் ஒன்றை நம்பி என் கையில் கொடுத்தார்கள். முன்பில்லர், பின்பில்லர் எல்லாவற்றிலும் பில்லரை ஒட்டியே டேப் பிடித்து மூன்று அங்குலம் குறித்து வெட்டிவிட்டேன். கூரையை இறக்கி வைத்தால், முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கதவுக்கு மேலே உள்ள இடைவெளி ஆப்பு மாதிரி, ஒரு முனையில் அகலம், மறு முனையில் குறுகல். இரண்டு நாள் வேலை வீண்.

காரணம் சின்னதுதான். பில்லர் சாய்ந்து நிற்கிறது, கூரை இறங்குவதோ நேர் செங்குத்தாக. முன்பில்லர் 20 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உடலோடு 3 அங்குலம் வெட்டினால் உயரத்தில் குறைவது 2.82 தான். ஏறக்குறைய ஒன்றரை நூல் பற்றாக்குறை (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). பின்பக்கம் 10 டிகிரி என்றால் அரை நூல்கூடப் போகாது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு நூல் வித்தியாசம், கதவு இடைவெளியில் பளிச்சென்று தெரியும். முன்பில்லரில் உண்மையில் வெட்ட வேண்டியது 3 அங்குலம் ஒன்றரை நூல்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்கு நம் ஊர்க் கொத்தனார் வழி இருக்கிறது. கதவுப் படியில் ரசமட்டம் வைத்து கேபினை மட்டமாக்கி, டியூபில் தண்ணீர் விட்டு எல்லா பில்லரிலும் ஒரே உயரத்தில் கீழ்க்கோடு போடுங்கள். டியூபை நேராக மூன்று அங்குலம் உயர்த்தி மேல்கோடு. சாய்வு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். லேசர் வாங்கிய பிறகும் நான் டியூபை விடவில்லை. வெட்டும்போது ஒரு நூல் மிச்சம் வைத்து வெட்டுங்கள். தேய்த்துக் குறைக்கலாம், நீட்ட முடியாது.

அளவு சரியாக வந்தாலும் கூரை சேராது, பயப்பட வேண்டாம். பில்லர்கள் மேலே போகப் போக உள்வாங்குகின்றன. அதனால் இறங்கிய கூரை, கீழே நிற்கும் பில்லர் அடிகளின் இடைவெளியைவிட நீளத்தில் குட்டையாக இருக்கும். அதே 20, 10 டிகிரி கணக்கில் முன்னே 1.09 அங்குலம், பின்னே 0.53. ஆக மொத்தம் ஒன்றரை அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே. கூரையைக் குறுக்கே அறுத்து அந்த அகலத்துக்குத் தகரப் பட்டை வைக்கலாம், அல்லது முன்பில்லரை அடியில் கீறி இன்னும் பின்னால் சாய்க்கலாம். நான் பட்டைக்காரன். ஆனால் கூரைத் தகரம் சூட்டில் சட்டென்று நெளியும். ஓரிடத்தில் வெல்டிங் புள்ளி வைத்தால் அடுத்ததை ஓர் அடி தள்ளி வையுங்கள். அவசரப்பட்டால் பட்டி போட்டுத்தான் மறைக்க வேண்டிவரும்.

உங்கள் வண்டியின் முன்கண்ணாடி இரண்டு தட்டையான துண்டு, லேமினேட்டட் (நடுவில் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி) என்றால் எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டித் தருவார்கள். தலைவலி அந்த மூலைக் கண்ணாடிகள்தான். வளைந்தவை, டெம்பர்டு (சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடி) முத்திரை இருந்தால் வெட்டவே முடியாது, பொரியாகச் சிதறும். கண்ணாடியைத் தொடாமல் அதன் சட்டத்தையே கேபினுக்குள் கீழே இறக்குவது ஒரு வழி. மூலைகளைத் தகரத்தால் மூடி மூன்று ஜன்னலாக்குவது இன்னொன்று, மனசு கேட்டால். கதவிலுள்ள சின்ன முக்கோணக் கண்ணாடி 1951இல்தான் வந்தது. அதன் சட்டத்தையும் குறைக்க வேண்டும், நேரம் ஒதுக்குங்கள்.

கிரைண்டரைத் தொடும் முன் ஒன்று. உங்கள் மாடலில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. கழற்றி வெளியே கொண்டுபோய் வையுங்கள். காலி டாங்க்தானே என்று விடாதீர்கள், ஆவிதான் வெடிக்கும். பாட்டரியும் வெளியே. கேபினுக்குள் சதுர பைப்பால் குறுக்கும் நெடுக்கும் முட்டுக் கொடுத்து, மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதி வைத்த பிறகுதான் முதல் வெட்டு. துருப்பிடித்த தரையும் ஆடும் கதவுக் கீலும் இருந்தால் அந்த வேலை அதற்கும் முன்னால்.

கேள்வி (பிராம்ப்டன், கனடா): என்னிடம் இருப்பது 1931 ஃபோர்டு மாடல் ஏ பிக்கப். இந்தச் சாய்வுக் கணக்கெல்லாம் எனக்கும் உண்டா?

பதில்: கொடுத்து வைத்தவர். உங்கள் பில்லர்கள் ஏறக்குறைய செங்குத்து, கூரை அப்படியே கீழே இறங்கி உட்காரும். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே முரோக் வறண்ட ஏரியில் வேகம் பார்த்த பையன்கள் இந்தக் காலத்து ஃபோர்டுகளைத்தான் கையில் எடுத்தார்கள். உயரம் குறைந்தால் காற்று மோதும் பரப்பும் குறையும் என்பது அவர்கள் கணக்கு. இருந்தாலும் டியூப் மட்டம் பாருங்கள். தொண்ணூறு வயது தாண்டிய கேபின் எது நேராக நிற்கிறது?

கேள்வி (கோயம்புத்தூர்): அப்பாவின் பழைய ஜீப்புக்குத் தகரக் கூரை போட்டிருக்கிறோம். அதை இறக்கி வெட்டலாமா?

பதில்: வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற விடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. அந்தத் தகரக் கூரை ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்பா வாங்கியபோது கேன்வாஸ் கூரைதானே இருந்திருக்கும்? அதையே திரும்பப் போடுங்கள். முன்கண்ணாடிச் சட்டத்தின் கொக்கியைக் கழற்றினால் அது மடங்கி பானட்டின் மேல் படுத்துக்கொள்ளும். கம்பெனியே செய்து கொடுத்த சாப் அது.